வலது காலின் கணக்கு

சொந்தக் காரை ரேஸ் தடத்துக்குக் கொண்டுவரும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிப்பாளையத்திலும் டிராக் டே நடக்கும் நாட்களில் உங்களில் பலரைப் பார்த்திருக்கிறேன். வாரம் முழுக்க அலுவலகத்துக்குப் போய்வந்த அதே போலோ, அதே ஸ்விஃப்ட், அதே ஐ20. பின்சீட்டில் கிடந்த குடை, பை எல்லாவற்றையும் இறக்கி வைத்து, டயர் காற்றைச் சரிபார்த்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தடத்தில் இறங்குகிறீர்கள். ஓட்டம் முடிந்து பேடாக்குக்குத் திரும்பியதும் முதல் வேலையாகக் கைபேசியை எடுத்து லேப் டைமைப் பார்க்கிறீர்கள். ஒரு நொடி குறைந்திருந்தால் முகம் மலர்கிறது. கூடியிருந்தால் டயர் மேலும் வெயில் மேலும் பழி விழுகிறது. அந்த ஒரு நொடி எந்த வளைவில் கிடைத்தது, எந்த வளைவில் போனது என்று கேட்டால் ஊகம்தான் பதிலாக வருகிறது. "அங்கே ஃபுல் த்ராட்டிலில்தான் போனேன்" என்று அடித்துச் சொல்லும் நண்பரின் பதிவைத் திறந்து பார்த்தால், வளைவின் நடுவில் கால் பாதி எழுந்திருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. அந்த வேகத்தில் அஞ்சிய கால் தானாக எழுந்துகொள்கிறது. மனம் அதைக் கவனிக்காமலே அடுத்த வளைவுக்குப் போய்விடுகிறது.

உங்கள் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஒரு போர்ட் இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டுகிற இடம். ஓபிடி போர்ட் என்றால் எல்லோருக்கும் தெரியும். உங்களில் நிறையப் பேர் அதில் ஒரு ப்ளூடூத் டாங்கிளைச் செருகி, கைபேசிச் செயலியோடு இணைத்துத்தான் ஓட்டுகிறீர்கள். நல்ல பழக்கம். ஆனால் பதிவானவற்றைப் பார்த்தால் கூலன்ட் வெப்பம், உள்ளே போகும் காற்றின் வெப்பம், பேட்டரி வோல்டேஜ், எரிபொருள் அளவு, என்ஜின் சுமை என்று வரிசை நீள்கிறது. எல்லாம் காரைப் பற்றியவை. காரை ஓட்டியவர் என்ன செய்தார் என்று சொல்ல அதில் உருப்படியாக ஒரு வரி இல்லை. அதை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில், ஓட்டுபவரின் கால் என்ன செய்கிறது என்பதை அறிய ஓரத்தில் நின்று என்ஜின் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்பார்கள். காலை எங்கே எடுக்கிறான், எங்கே மிதிக்கிறான் என்று சத்தத்திலேயே சொல்லிவிடும் பெரியவர்கள் இருந்தார்கள். 1990-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் தன் தடத்தைத் திறந்தபோதும் நம்மைப் போன்ற சாதாரண ஓட்டிகளுக்குக் கிடைத்தவை ஸ்டாப்வாட்சும் காதும்தான். ஃபார்முலா ஒன் அணிகள் அதற்கு முன்பே, 1980-களிலேயே, ஓடும் காரிலிருந்து தரவு எடுக்கத் தொடங்கியிருந்தன. அன்று பெரும் பணம் படைத்த அணிகளுக்கு மட்டும் வாய்த்த அந்த வசதியில் ஒரு பங்கு இன்று ஒவ்வொரு மாருதியிலும் ஹூண்டாயிலும் டாஷ்போர்டுக்கு அடியில் கிடக்கிறது. அதை முழுதாகப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்தப் போர்ட் யாருக்காக வந்தது என்று தெரிந்தால்தான் அதனிடம் எதைக் கேட்கலாம் என்று புரியும். லாஸ் ஏஞ்சலிஸைப் புகைமூட்டம் வாட்டியெடுத்த அனுபவத்தில், வண்டியின் புகைக் கட்டுப்பாடு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று வண்டியே தன்னைச் சோதித்துச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா விதி வகுத்தது. அதன் இரண்டாம் வடிவமான ஓபிடி-2, அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் வந்தது. இந்தியாவில் முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. சட்டத்தின் கவலை எல்லாம் புகை. அதனால் காற்று, எரிபொருள், வெப்பம், ஆக்ஸிஜன் சென்சார் என்று புகையைத் தீர்மானிக்கும் எல்லாவற்றுக்கும் பொதுவான எண்கள் கொடுத்து வைத்திருக்கிறார்கள். பிரேக்கில் எவ்வளவு அழுத்தம், ஸ்டீயரிங் எத்தனை டிகிரி திரும்பியது என்பவற்றுக்கு அந்தப் பொதுப் பட்டியலில் இடமே இல்லை. ஓட்டுபவரின் செயல்களில் புகையோடு நேரடித் தொடர்புள்ளது ஆக்சிலரேட்டர் ஒன்றுதான். ஆகவே அது மட்டும் நமக்குக் கிடைக்கிறது.

கிடைக்கிற அந்த ஒன்றையும் பலர் தவறான இடத்திலிருந்து எடுக்கிறார்கள். செயலியில் 'த்ராட்டில்' என்று தேடினால் முதலில் வருவது த்ராட்டில் பொசிஷன், 11 என்ற எண்ணுள்ள அளவு. (இந்த எண்கள் பதினாறடிமானத்தில் எழுதப்படுபவை. செயலிகளிலும் அப்படியே இருக்கும்.) என்ஜினுக்குள் காற்றை விடுகிற தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அது சொல்கிறது. பழைய எஸ்டீமில் ஆக்சிலரேட்டரிலிருந்து ஒரு கேபிள் நேராகப் போய் அந்தத் தகட்டை இழுத்தது. கால் எவ்வளவோ தகடும் அவ்வளவு. இன்றைய காரில் கேபிள் கிடையாது. பெடலில் உள்ள சென்சார் உங்கள் விருப்பத்தை என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவிடம் தெரிவிக்கிறது. எவ்வளவு திறப்பது என்பதை ஈசியூ முடிவு செய்கிறது.

அந்த முடிவில் உங்கள் காலைத் தவிர வேறு பல விஷயங்களும் கலந்திருக்கின்றன. டர்போ பெட்ரோல் கார் என்றால் நீங்கள் முழுதாக மிதித்திருந்தாலும் டார்க்கைக் கட்டுப்படுத்த ஈசியூ தகட்டைக் கொஞ்சம் மூடலாம். முன்சக்கரம் சுழன்றால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் மூடும். இடது காலால் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வலது காலை ஆக்சிலரேட்டரில் வைத்திருந்தால், பல கார்களில் பிரேக்குக்கே முதலிடம் கொடுத்து ஈசியூ சக்தியை வெட்டிவிடும். பெடல் அடிமட்டத்தில் இருக்கும், தகடு மூடிக்கிடக்கும். டீசல் காரில் நிலைமை இன்னும் மோசம். அங்கே சக்தியைத் தீர்மானிப்பது பீய்ச்சும் எரிபொருளின் அளவு. காற்றுத் தகடு இருந்தாலும் அதன் வேலை வேறு. டீசல் ஸ்விஃப்டையோ டீசல் போலோவையோ ஓட்டுபவர் 11-ஐப் பதிந்துவிட்டு அதில் தன் ஓட்டத்தைத் தேடினால் தலைகால் புரியாது.

உங்கள் கால் செய்ததைச் சொல்பவை 49, 4ஏ, 5ஏ ஆகிய எண்கள். முதல் இரண்டும் பெடலில் உள்ள இரு சென்சார்களின் அளவுகள். ஒன்று தவறினால் தெரியவேண்டும் என்பதற்காகவே இரண்டு வைத்திருக்கிறார்கள். அவை காட்டும் சதவீதங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. அது கோளாறும் இல்லை. 5ஏ என்பது ஓய்வு நிலையைப் பூஜ்யமாக வைத்துக் கணக்கிட்ட பெடல் அளவு. உங்கள் கார் இவற்றில் எதற்குப் பதில் தருகிறது என்பதைச் செயலியே பட்டியலிட்டுக் காட்டும். எந்தக் காரும் எல்லாவற்றுக்கும் பதில் தரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்றில் ஒன்று கிடைத்தாலும் போதும்.

அதை எடுத்துக்கொண்டு, தடத்துக்குப் போவதற்கு முன் வீட்டு வாசலிலேயே ஒரு வேலை செய்யுங்கள். இக்னிஷனை மட்டும் போட்டு, என்ஜினை ஓடவிடாமல், பெடலைத் தொடாதபோது எவ்வளவு காட்டுகிறது, அடிமட்டம் வரை மிதித்தால் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சில கார்களில் ஓய்வில் 15 சதவீதம், முழுதாக மிதித்தால் 80 சதவீதம் என்பதுபோலக் காட்டும். இது தெரியாமல் பதிவைப் பார்ப்பவர், தான் ஒருமுறைகூட முழுதாக மிதிக்கவே இல்லை என்று நினைத்துக்கொள்வார். கீழ் எண்ணைப் பூஜ்யமாகவும் மேல் எண்ணை நூறாகவும் வைத்து மாற்றிக்கொள்ளும் வசதி தரவு ஆய்வுக்கான செயலிகளில் உண்டு. இல்லாவிட்டால் எக்செலில் ஒரு வரியில் முடிந்துவிடும்.

அடுத்தது வேகம். காரின் வேகத்தைச் சொல்லவில்லை, கேள்வி கேட்கும் வேகத்தை. ஓபிடி போர்ட் தானாகப் பேசாது. டாங்கிள் கேட்கும், ஈசியூ சொல்லும். பிறகு அடுத்த கேள்வி. ஒரே ஒரு ஜன்னல் திறந்திருக்கும் டிக்கெட் கவுண்டரைப் போல எல்லாக் கேள்விகளும் ஒற்றை வரிசையில்தான் நிற்கவேண்டும். உங்கள் கருவியால் நொடிக்கு 20 கேள்வி கேட்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து அளவுகளைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு இரண்டே பதில். 140 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 39 மீட்டர் ஓடுகிறது. அதாவது 19 மீட்டருக்கு ஒருமுறைதான் உங்கள் காலை எட்டிப் பார்க்கிறீர்கள். நான் மேலே சொன்ன, அஞ்சிய கால் எழுந்து அமர்கிற அந்தக் கணம் நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட நீடிக்காது. இரண்டு பதில்களுக்கு நடுவில் அது தடமில்லாமல் மறைந்துவிடும். பத்து அளவுகளுக்குப் பதிலாக இரண்டே அளவுகள் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் நொடிக்குப் பத்துப் பதில், நான்கு மீட்டருக்கு ஒன்று. அப்போது தப்பிக்காது.

ஆகவே என் கோரிக்கை இது: போர்ட்டிலிருந்து பெடல், ஆர்பிஎம் இரண்டை மட்டும் வேகமாக எடுங்கள். கூலன்ட் வெப்பத்தில் கண் வைக்கவேண்டும் என்றால் சில நொடிகளுக்கு ஒருமுறை கேட்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அது கணத்துக்குக் கணம் மாறுவதில்லை. காரின் வேகத்தைப் போர்ட்டிடம் கேட்கவே வேண்டாம். அங்கிருந்து வருவது பின்னமில்லாத முழு எண். ஜிபிஎஸ் ரிசீவர் அதைவிட நுணுக்கமாகச் சொல்லிவிடும். கைபேசிக்குள் இருக்கும் ஜிபிஎஸ் பெரும்பாலும் நொடிக்கு ஒருமுறைதான் இடம் சொல்கிறது. தடத்துக்கு அது போதாது. நொடிக்கு 10 அல்லது 25 முறை சொல்லும் வெளி ரிசீவர்கள் கிடைக்கின்றன. பணம் செலவழிப்பதென்றால் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். எக்ஸாஸ்ட் மாற்றுவதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

டாங்கிளைப் பற்றியும் சொல்லவேண்டும். சந்தையில் 'ஈஎல்எம்327' என்ற பெயரில் விற்கும் மலிவு டாங்கிள்களில் பெரும்பாலானவை போலிகள். கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய சிப் அது. முதல் பதிப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டைப் போடாததால் உலகம் முழுக்க நகல் எடுத்துவிட்டார்கள். அசல் நிறுவனம் 2022-இல் மூடப்பட்டது. நகல்கள் இன்னும் விற்கின்றன. அவற்றில் சில நன்றாகவே வேலை செய்யும். சில, அடுக்கடுக்காகக் கேள்வி வந்தால் திணறி, இரண்டாவது லேப்பிலேயே மௌனமாகிவிடும். கார் தன் கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான கேன் முறையில் பேசும்போது ஒரே கேள்வியில் ஆறு அளவுகள்வரை கேட்கலாம் என்று தரநிலை அனுமதிக்கிறது. பல போலிகளுக்கு அந்த வித்தை ஒழுங்காக வராது. இன்னொரு விஷயம், வழக்கமான அமைப்பில் ஈஎல்எம் ஒரு பதில் வந்த பிறகும் வேறு ஏதாவது கம்ப்யூட்டர் பதில் சொல்லுமோ என்று சற்றுக் காத்திருக்கும். ஒரு பதில் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தக் காத்திருப்பு மிச்சம். தடத்துக்கென்றே எழுதப்பட்ட ரேஸ்குரோனோ, ஹாரிஸ் லேப்டைமர் போன்ற செயலிகளோடு நல்ல டாங்கிள் சேர்ந்தால் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி கூடும்.

இனி பிரேக், ஸ்டீயரிங். பொதுப் பட்டியலில் இல்லையென்றாலும் காருக்குள் இவை இல்லாமல் இல்லை. சறுக்கலைத் தடுக்கும் ஈஎஸ்பி உள்ள காரில் ஸ்டீயரிங் கோணத்துக்கும் பிரேக் அழுத்தத்துக்கும் சென்சார்கள் உண்டு. யாரும் கேட்காமலே அவை காருக்குள் ஓடும் கேன் கம்பிகளில் நொடிக்குப் பல பத்து முறை தங்கள் அளவை அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. போஷ் நிறுவனம் 1986-இல் உலகுக்கு அறிமுகப்படுத்திய இந்தக் கேன் முறைதான் இன்று ஏறக்குறைய எல்லாக் கார்களின் உள்பேச்சு. முதல் தலைமுறை டொயோட்டா 86 வெளிநாட்டுத் தட ஓட்டிகளின் செல்லப்பிள்ளை ஆனதற்கு அதன் கையாளுமை முதல் காரணம் என்றாலும், இந்த அறிவிப்புகள் எல்லாம் ஓபிடி போர்ட்டிலேயே திறந்து கிடந்ததும் தரவுப் பிரியர்களுக்கு ஒரு வரம். நம் ஊரில் அதிகம் புழங்கும் கார்களில் அந்தக் கொடுப்பினை எப்போதும் கிடைப்பதில்லை. ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்கள் பலவற்றில் போர்ட்டுக்கும் உள்கம்பிகளுக்கும் நடுவே கேட்வே ஒன்று காவல் நிற்கிறது. கேட்ட கேள்விக்கான பதிலை மட்டும் வெளியே விடும். அறிவிப்புகளைக் கேட்கவேண்டுமென்றால் கேட்வேயைத் தாண்டி உள்ளே கம்பியைத் தொடவேண்டும். ஈஎஸ்பி இல்லாத காரிலோ ஸ்டீயரிங் கோண சென்சாரே இல்லாமலும் இருக்கலாம்.

உள்ளே கம்பியைத் தொடும் வேலையை எல்லோருக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன். அந்தக் கம்பிகளில்தான் ஏபிஎஸ்ஸும் என்ஜினும் பேசிக்கொள்கின்றன. 120 கி.மீ. வேகத்தில் ஏபிஎஸ் விளக்கு எரிவதற்குக் காரணமாக உங்கள் சாலிடரிங் இருக்கக்கூடாது. வாகன மின்னணுவில் வேலை செய்கிற நண்பர் ஒருவர் கூட இருந்தால், கேட்பதற்கு மட்டும் அமைக்கப்பட்ட கருவியை வைத்து முயலலாம். மற்றவர்களுக்கு ஜிபிஎஸ்ஸே பிரேக்கின் கதையை ஓரளவு சொல்லிவிடும். பெடல் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் வேகம் மெதுவாகக் குறைந்தால் அது என்ஜின் பிரேக்கிங். செங்குத்தாகச் சரிந்தால் பிரேக். இரண்டும் சந்திக்கும் இடம் வரைபடத்தில் ஒரு முழங்கையாகத் தெரியும். பெடல் பூஜ்யமானதிலிருந்து அந்த முழங்கை வரை உள்ளது, உங்கள் கால் ஒரு பெடலிலிருந்து இன்னொன்றுக்குப் போக எடுத்த நேரம்.

ஆனால் அதை நம்புவதற்குமுன் இரண்டு கடிகாரங்களைச் சரிசெய்யவேண்டும். பெடல் அளவு ப்ளூடூத் வழியாகத் தாமதித்து வருகிறது. ஜிபிஎஸ்ஸின் தாமதம் வேறு. 0.2 நொடி பிசகினாலே 140 கி.மீ. வேகத்தில் எட்டு மீட்டர் பிசகு. நீங்கள் சரியாகப் பிரேக் பிடித்த இடம் பதிவில் தவறாகத் தெரியும். இதைச் சரிசெய்ய கியர் மாற்றும் கணம் உதவும். நேர்ச்சாலையில் மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது காலை எடுக்கிறீர்கள். அதே கணத்தில் கார் முன்னோக்கி இழுப்பதும் நிற்கிறது. பெடல் வரைகோட்டில் உள்ள பள்ளமும் வேக வரைகோட்டில் உள்ள தட்டையான இடமும் ஒன்றின்மேல் ஒன்று விழும்வரை ஒன்றை நகர்த்துங்கள். ஒவ்வொரு லேப்பிலும் கிடைக்கும் அடையாளம் இது. இதற்காகத் தடத்தில் தனியாக எதையும் செய்யவேண்டியதில்லை.

வரைபடத்தை நேரத்தின்மேல் போடாமல் தூரத்தின்மேல் போடுங்கள். இரண்டு லேப்களை நேரத்தின்படி ஒப்பிட்டால் முதல் வளைவிலேயே கோடுகள் விலகி, பிறகு எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்றே தெரியாமல் போகும். இருங்காட்டுக்கோட்டை ஒரு சுற்று 3.717 கி.மீ., பன்னிரண்டு வளைவுகள். தூரத்தின்படி வைத்தால் ஒவ்வொரு வளைவும் எல்லா லேப்பிலும் ஒரே இடத்தில் நிற்கும்.

அப்போது உங்கள் கால் பேசத் தொடங்கும். முதலில் கண்ணில் படுவது எதையும் மிதிக்காத நேரம். ஆக்சிலரேட்டரை விட்டு, பிரேக்கை இன்னும் தொடாமல், கார் சும்மா உருள்கிறது. 120 கி.மீ. வேகத்தில் அரை நொடி சும்மா உருண்டால் 16 மீட்டருக்கு மேல் வீண். பெரும்பாலோருக்கு இது ஒவ்வொரு பிரேக்கிங்கிலும் உண்டு. யாரும் இதை உணர்வதில்லை, ஏனென்றால் உள்ளே இருப்பவருக்கு அது நிதானமாக ஓட்டுவதுபோல் இருக்கிறது. தைரியத்தைக் கூட்டத் தேவையில்லாமலே குறைக்கக்கூடிய நேரம் இதுதான். அதனால்தான் முதலில் இதைப் பாருங்கள் என்கிறேன்.

நான் மிக முக்கியமாகக் கருதுவது வளைவின் நடுவில் வரும் இரட்டைத் திமில். கால் சீக்கிரமாக மிதிக்கிறது, அறுபது எழுபது சதவீதம்வரை போகிறது, திடுக்கிட்டு இருபதுக்கு இறங்குகிறது, பிறகு மறுபடி ஏறுகிறது. ஓட்டியவரைக் கேளுங்கள், "சீக்கிரமே த்ராட்டில் கொடுத்துவிட்டேன்" என்று பெருமையாகச் சொல்வார். நடந்தது என்னவென்றால், முன்சக்கர இழுவைக் காரில் ஸ்டீயரிங் இன்னும் திரும்பியிருக்கும்போதே மிதித்ததால் முன்டயர்கள் பிடியை இழந்து கார் வெளிப்பக்கம் தள்ளியது. காலை எடுக்கவேண்டி வந்தது. எடுத்ததும் எடை முன்னால் சாய, பின்பக்கம் லேசாகிறது. புல்லில் போய் நிற்கும் கார்களில் பலவற்றின் கதை இந்தத் திமிலோடுதான் தொடங்குகிறது. ஆகவே இது லேப் டைம் விவகாரம் மட்டுமில்லை. உங்கள் கார் முழுதாக வீடு திரும்புமா என்ற விவகாரமும்கூட. நல்ல ஓட்டுநரின் கோடு அதே வளைவில் சற்றுப் பொறுத்துத் தொடங்கும். ஆனால் தொடங்கிய பிறகு திரும்பிப் பார்க்காமல் நூறுவரை ஒரே ஏற்றம். அடுத்து வரும் நேர்ச்சாலை முழுக்க அந்தப் பொறுமை வேகமாகத் திரும்பி வருகிறது.

மற்றவை சுருக்கமாக. ஆர்பிஎம்மை வேகத்தால் வகுத்தால் எந்த கியர் என்று தெரிந்துவிடும். கியர் மாற்றும்போது பெடல் பள்ளத்தின் அகலம் உங்கள் கை எவ்வளவு மெதுவானது என்று சொல்லும். பிரேக் பிடிக்கும் நேரத்தில் பெடலில் தெரியும் சிறு முள், ஹீல்-டோ (பிரேக்கை மிதித்தபடியே அதே காலால் ஆக்சிலரேட்டரைத் தட்டுவது) செய்தீர்களா இல்லையா என்பதற்குச் சாட்சி.

இப்போது பாதுகாப்பு. இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். போர்ட் இருப்பது உங்கள் முழங்காலுக்கு மேலே, பெடல்களுக்கு அருகில். தடத்தின் அதிர்விலும் கெர்ப் ஏறி இறங்கும் குலுக்கலிலும் தளர்ந்த டாங்கிள் கீழே விழுந்து பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு குட்டையான எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாஷ்போர்டின் உள்பக்கமாகக் கொண்டுபோய், கேபிள் டையால் இறுக்கிக் கட்டி, டாங்கிளைப் பெடல்களிலிருந்து விலகிய இடத்தில் பொருத்துங்கள். டிராக் டே நடத்தும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கார் சோதனையில் டோ ஹூக்கையும் பேட்டரி பிடிமானத்தையும் பார்க்கிறீர்கள். இதையும் பாருங்கள். தொங்கும் டாங்கிளோடு வரும் காரைத் தடத்தில் விடாதீர்கள்.

கார் ஓடும்போது டாங்கிள் வழியாகத் தகவல் கேட்பதைத் தவிர வேறு எந்தக் கட்டளையும் போகக்கூடாது. பிழைக் குறியீடுகளை அழிக்கும் பொத்தானைத் தடத்தில் தொடாதீர்கள். அழித்தால் கார் தன்னைச் சோதித்து வைத்திருந்த நிலையும் சேர்ந்து அழியும், கோளாறின் காரணத்தைத் தேடும் மெக்கானிக்குக்கு ஒன்றும் மிஞ்சாது. டாங்கிள் வழியாகக் கட்டளை போனால் என்ன நடக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம்: 2015-இல் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இதே போர்ட்டில் செருகப்பட்ட ஒரு டாங்கிளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியே ஒரு கார்வெட்டின் வைப்பரை ஓடவைத்தார்கள். மெதுவாகப் போகும்போது அதன் பிரேக்கைப் பிடிக்கவும் பிடிக்காமல் போகவும் செய்து காட்டினார்கள். அது சிம் கார்டு உள்ள காப்பீட்டு டாங்கிள் என்றாலும் பாடம் எல்லா டாங்கிளுக்கும் பொருந்தும். கடவுச்சொல் இல்லாமல் எவர் கைபேசியோடும் இணைந்துகொள்ளும் சாதனத்தைச் சாலையில் மாட்டியே வைத்திருக்காதீர்கள். போர்ட்டின் 16-ஆம் முனையில் கார் அணைந்திருக்கும்போதும் மின்சாரம் உண்டு. மறந்துபோய் விட்டுவைத்தால் பேட்டரியும் இறங்கும்.

கடைசியாக, இந்த மடலை எழுதத் தூண்டிய விஷயம். நம்மிடையே லேப் டைம் பகிரப்படுகிறது, தரவு பகிரப்படுவதில்லை. வேகமான ஓட்டுநர்கள் தங்கள் பதிவை மூடி வைத்துக்கொள்கிறார்கள். புதியவர்கள் தங்கள் பதிவைக் காட்டக் கூச்சப்படுகிறார்கள். இருவருமே இழக்கிறார்கள். ஒருவருடைய கோடு தனியாக இருந்தால் அது வெறும் படம். அதே காரில், அதே நாளில், அதே வளைவில் இன்னொருவர் ஓட்டிய கோட்டை அதன்மேல் வைத்தால்தான் பாடம். ஒரே மாதிரி ஸ்விஃப்ட் வைத்திருக்கும் நாலு பேர் தங்கள் கோப்புகளை ஒன்றாகப் போட்டால், யாரும் காசு கொடுத்து வாங்க முடியாத பயிற்சி அது. கோப்போடு டயர் எந்த வகை, காற்றழுத்தம் எவ்வளவு, காலையா மதியமா என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். வீட்டிலிருந்து வந்த வழியும் ஜிபிஎஸ்ஸில் பதிவாகியிருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுக் கொடுங்கள்.

அனுபவமுள்ள ஓட்டுநர்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஒரு நல்ல லேப்பின் பெடல் பதிவைப் புதியவர்களுக்குக் கொடுங்கள். அதனால் உங்கள் வேகம் குறைந்துவிடாது. வெளியே தள்ளும் காரில் எப்படிப் பொறுமையாக இருப்பது என்பதை வாயால் எத்தனை முறை சொன்னாலும் ஏறாத இளைஞனுக்கு, அந்த ஒரு கோடு ஏறும்.

அடுத்த டிராக் டேக்கு வரும்போது பெடல், ஆர்பிஎம், ஜிபிஎஸ் மூன்றை மட்டும் பதிந்து வாருங்கள். டாங்கிளைக் கட்டி வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், மூலக் கோப்பைக் கொண்டுவாருங்கள். மதிய இடைவேளையில் பேடாக் நிழலில் ஒரு லேப்டாப்பைத் திறந்து வைக்கிறேன். வந்து உட்காருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்களோடு தடத்தில் ஓட்டும் ஒருவன்